விரிசல் விட்ட சுவருக்கு இன்னும் இரண்டு கோட்டு போதுமா?

கேள்வி இதுதான்: "திருவான்மியூரில் கடற்கரைக்குப் பக்கத்தில், பழைய அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன்பு வெளிச்சுவருக்கு நல்ல விலையுள்ள எமல்ஷன் அடித்தோம். இப்போது மேற்குச் சுவர் முழுக்க முடி போன்ற விரிசல்கள். சில இடங்களில் தோல் தோலாக உரிகிறது. ஜன்னல் கிரில்லிலும் எனாமல் வெடித்துத் துரு தெரிகிறது. பெயின்டர், 'கோட்டு கம்மியா போச்சு சார், இந்தத் தடவை நாலு கோட்டு கெட்டியா அடிச்சா அசையாது' என்கிறார். அவர் சொல்வது சரியா?"

சரியில்லை. இப்போது இருக்கிற படலத்தின் மேலேயே கெட்டியாக அடித்தால், அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் இதைவிடப் பெரிய பாளங்களாக உரியும். பெயின்டர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. கனமாக இருந்தால் பலமாக இருக்கும் என்பது பலகைக்கும் தூணுக்கும் பொருந்துகிற கணக்கு. அதை அவர் பெயின்ட்டுக்கும் போடுகிறார். பெயின்ட் படலத்தில் அந்தக் கணக்கு தலைகீழாகப் போகிற இடங்கள் உண்டு. இருபது வருடத்துக்கு மேலாக எண்ணூர், மணலி பக்கம் இரும்புக் கட்டுமானங்களின் பாதுகாப்புப் பூச்சுகளைச் சோதிப்பதுதான் என் வேலை. தொட்டியும் குழாயும் வேறு, வீட்டுச் சுவர் வேறு. ஆனால் விரிசல் நடந்துகொள்ளும் விதம் இரண்டிலும் ஒன்றுதான்.

மொட்டை மாடியில் வடாம் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். காலையில் ஊற்றும்போது பிளாஸ்டிக் ஷீட்டில் தட்டையாகப் படிந்து கிடக்கும். வெயில் ஏற ஏற மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும். அடிப்பக்கம் இன்னும் ஈரமாக இருப்பதால் ஓரங்கள் மேலே எழும்பி, சாயங்காலத்துக்குள் சின்னக் கிண்ணம் போல வளைந்துவிடும். பெயின்ட்டும் காயும்போது இதைத்தான் செய்யப் பார்க்கிறது. தண்ணீரோ தின்னரோ வெளியேற வெளியேற அது சுருங்க வேண்டும். ஆனால் அடியில் சுவர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வடாம் போல எழும்பி வளைய முடியாது. கனம் மட்டும் குறைய முடிகிறது. நீளத்திலும் அகலத்திலும் சுருங்க வழியில்லை. அதனால் மிருதங்கத்தில் இழுத்துக் கட்டிய தோல் மாதிரி எப்போதும் ஓர் இழுவிசையிலேயே நிற்கிறது. சுவரில் அசையாமல் ஒட்டியிருக்கிற பெயின்ட் உண்மையில் நாள் முழுவதும் தன்னைத் தானே இழுத்துக்கொண்டிருக்கிறது. 1909-ல் ஸ்டோனி என்ற பொறியாளர் மெல்லிய எஃகுப் பட்டையில் ஒரு பக்கம் மட்டும் நிக்கல் முலாம் ஏற்றி, பட்டை வளைகிற அளவைக் கொண்டே படலத்தின் இழுவிசையைக் கணக்கிடும் வழியைச் சொன்னார். பெயின்ட் ஆய்வகங்களில் இன்றும் அந்த முறை புழக்கத்தில் இருக்கிறது.

இந்த இழுவிசை அடித்த அன்றோடு நின்றுவிடுவதில்லை. எனாமல் மாதிரி எண்ணெய் சேர்ந்த பெயின்ட்டுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகின்றன, அந்த இறுக்கம் வருடக் கணக்கில் தொடர்கிறது. பத்து வருடப் பழைய எனாமலை நகத்தால் சுரண்டினால் கண்ணாடி போல நொறுங்குவது அதனால்தான். எமல்ஷனில் வேறு கதை. சூரியனின் புற ஊதாக் கதிர் மேல்தோலில் துகள்களைப் பிணைத்திருக்கிற அக்ரிலிக் பிசினை மெல்ல மெல்லச் சிதைத்து விறைப்பாக்குகிறது. அதோடு நம் ஊர் வெயிலும் மழையும் சேர்கின்றன. சிமென்ட் சுவரை விட அக்ரிலிக் பிசின் சூட்டுக்குப் பல மடங்கு அதிகம் விரியும், குளிருக்குப் பல மடங்கு அதிகம் சுருங்கும். ஆகஸ்ட் மாதம் மதியம் முழுக்க வெயிலில் காய்ந்த மேற்குச் சுவரில் சாயங்காலம் திடீரென்று இடிமழை அடிக்கிறது என்று வையுங்கள். சில நிமிடங்களில் மேல்தோல் குளிர்ந்து சுருங்கப் பார்க்கும், சுவர் இன்னும் சூடாகவே இருக்கும். ஏற்கெனவே இழுபட்டு நிற்கிற படலத்துக்கு இன்னும் ஓர் இழுப்பு. உங்கள் வீட்டில் மேற்குச் சுவர் முதலில் போனதில் ஆச்சரியமில்லை.

ஆனால் இழுவிசை இருந்தாலே படலம் கிழிந்துவிடாது. கிழிய ஒரு தொடக்கம் வேண்டும். ரங்கநாதன் தெருவில் துணிக்கடையில் ரவிக்கைத் துணி வாங்கும்போது கவனியுங்கள். கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டுப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் சர்ரென்று கிழிப்பார். அந்த வெட்டு இல்லாமல் இழுத்தால் துணி லேசில் கிழியாது. துணி முழுக்கப் பரவ வேண்டிய விசை, வெட்டின் கூரிய முனையில் வந்து குவிகிறது. 1913-ல் இங்லிஸ் என்ற பொறியாளர் இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார்: இழுபடும் தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால் அதன் விளிம்பில் விசை மூன்று மடங்காகும், துளை நீண்டு கூராகக் கூராக அது பல மடங்காகப் பெருகும். 1920-ல் கிரிஃபித் என்ற இன்னொரு பொறியாளர் வேறொரு கேள்வி கேட்டார். விசை அவ்வளவு குவிகிறது என்றால் சின்னக் கீறல் விழுந்த எல்லாக் கண்ணாடியும் ஏன் உடனே உடைவதில்லை? விரிசல் நீளும்போது புதிதாக இரண்டு பரப்புகள் உருவாகின்றன, அதற்கு ஆற்றல் செலவாகும். இழுபட்டு நின்ற பொருள் தளர்வதால் கிடைக்கும் ஆற்றல் அந்தச் செலவை விட அதிகமாக இருந்தால்தான் விரிசல் ஓடும் என்பது அவர் கண்ட பதில்.

உங்கள் பெயின்டரின் நாலு கோட்டுக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. படலத்தில் விரிசல் ஓடும்போது அது வெட்ட வேண்டிய பரப்பு படலத்தின் கனத்துக்கு ஏற்றபடி கூடும். கனம் இரண்டு மடங்கானால் செலவும் இரண்டு மடங்கு. ஆனால் விரிசலின் இரு பக்கமும் படலம் தளர்வதால் கிடைக்கும் ஆற்றல் கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடுகிறது. அதாவது கனம் இரண்டு மடங்கானால் வரவு நாலு மடங்கு. ஒரு குறிப்பிட்ட கனத்துக்குக் கீழே இருக்கும்வரை வரவு செலவைத் தாண்டாது. படலத்தில் குறை இருந்தாலும் விரிசல் அங்கேயே நிற்கும். அந்தக் கனத்தைத் தாண்டினால் அதே குறையிலிருந்து சுவர் நெடுக ஓடும். சுவரை விட்டுக் கழல்வதும் அப்படித்தான். ஒரு சதுர சென்டிமீட்டர் ஒட்டைப் பிரிக்க ஆகும் செலவு படலம் மெல்லியதோ தடித்ததோ ஒன்றேதான். பிரிப்பதற்குக் கிடைக்கும் ஆற்றல் மட்டும் கனத்தோடு ஏறுகிறது. ஒட்டு பலமாக இல்லாத சுவரில் நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு கோட்டும் அந்த ஒட்டைப் பிடுங்குகிற கைக்குப் பலம் சேர்க்கிறது.

2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வற்றிக் கிடந்த படங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். வண்டல் மெல்லியதாகப் படிந்த இடத்தில் விரிசல்கள் நெருக்கமாகச் சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கும். ஆழமாகப் படிந்த இடத்தில் கட்டங்கள் பெரிதாக, விளிம்பு எழும்பிப் பாளமாக நிற்கும். உங்கள் சுவரிலும் இதைப் பாருங்கள். கட்டங்கள் சின்னதாக, ஆழமில்லாமல் இருந்தால் மேல் கோட்டில் மட்டும் கோளாறு. உள்ளங்கை அளவுப் பாளங்களாக எழும்பியிருந்தால் அடியிலிருந்து பல அடுக்குகள் சேர்ந்து வருகின்றன.

கனத்தால் கெட்டதை நான் கண்ணால் பார்த்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில், இரும்புத் தொட்டிக்கு முதல் கோட்டாகத் துத்தநாகத் தூள் நிறைந்த சிலிக்கேட் பூச்சு அடித்தார்கள். 75 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அடிக்க வேண்டிய பூச்சு அது. கடற்கரை என்பதால் இரட்டிப்பாக இருக்கட்டும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தபோது மூலைகளிலும் வெல்டிங் ஓரங்களிலும், எங்கெல்லாம் பெயின்ட் தேங்கியதோ அங்கெல்லாம் ஏரிப் படுகை போலவே வெடித்திருந்தது. மேலே என்ன அடித்தாலும் அந்த வெடிப்பு வழியாகக் கழலும் என்பதால், மணல் வீச்சு கொண்டு மொத்தத்தையும் எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். இரும்புத் தளம், அனுபவமுள்ள ஆட்கள், நல்ல சரக்கு, எதிலும் குறையில்லை. கனம் ஒன்றுதான் பிழை.

அதற்காகப் பெயின்ட்டை நீர்க்கக் கரைத்து ஒரே கோட்டு அடிப்பது சரி என்று அர்த்தமில்லை. மெல்லிய படலத்தில் ஊசித் துளைகள் இருக்கும், மழைநீரும் உப்பும் உள்ளே போகும். எமல்ஷன் இரண்டு கோட்டு காய்ந்தபின் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம் இருக்கும். பெரும்பாலான சுவர்களுக்கு அது போதும். மலிவுப் பெயின்ட்டில் இன்னொரு தொல்லை. பிசினைக் குறைத்துச் சாக்பீஸ் பொடி போன்ற நிரப்பிகளைக் கூட்டியிருப்பார்கள். பொடி ஓர் எல்லையைத் தாண்டினால் துகள்களுக்கு நடுவே உள்ள இடத்தை நிரப்பப் பிசின் போதாது. படலம் முழுக்கக் காற்றறைகள் ஆகிவிடும், தொட்டால் கையில் மாவு ஒட்டும், சின்ன இழுப்புக்கே வெடிக்கும். அந்த எல்லையை 1949-ல் அஸ்பெக், வான் லூ என்ற இருவர் வரையறுத்தார்கள். நீங்கள் வாங்கியது நல்ல சரக்கு என்பதால் இதில் நேரம் செலவிட வேண்டாம்.

இப்போது உங்கள் சுவருக்கு வருவோம். பெயின்டரைக் கூப்பிடுவதற்கு முன்பு நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உரிந்து விழுந்த ஒரு துண்டை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். முன்பக்கத்தைப் பார்த்து முடிவு சொல்கிறவர்கள்தான் அதிகம். உண்மை பின்பக்கத்தில் இருக்கிறது. பின்பக்கம் வெள்ளையாக, விரலில் மாவு ஒட்டினால், எங்கோ அடியில் பழைய சுண்ணாம்பு வெள்ளையோ டிஸ்டெம்பரோ இருக்கிறது, அது தன் பலத்துக்கு மேல் இழுக்கப்பட்டு உடைந்திருக்கிறது. பின்பக்கம் சாம்பல் நிறத்தில் மணல் ஒட்டியிருந்தால் சிமென்ட் பூச்சே மேலே பொரிந்து வருகிறது என்று அர்த்தம். பின்பக்கம் பழைய பெயின்ட்டின் நிறத்தில் வழவழப்பாக இருந்தால், பழைய பளபளப்பான கோட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் மேலே அடித்திருக்கிறார்கள். வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு போன்ற உப்பு இருந்தால் உள்ளே ஈரம் நடமாடுகிறது.

உங்களுடையது பழைய கட்டடம் என்பதால் முதல் வகையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடித்து, அப்புறம் சிமென்ட் பெயின்ட், அப்புறம் டிஸ்டெம்பர், அப்புறம் எமல்ஷன் என்று சென்னையில் பல சுவர்கள் முப்பது நாற்பது வருட அடுக்குகளைச் சுமக்கின்றன. துண்டின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்த அடுக்குகளை எண்ணிவிடலாம். எந்த ஒரு கோட்டும் தனியாகக் கெடுதல் செய்யவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் தன் இழுவிசையை மேலே சேர்த்தது, அத்தனை இழுப்பையும் தாங்க வேண்டியது அடியில் இருக்கிற மாவு போன்ற வெள்ளைதான். இரண்டு வருடத்துக்கு முன் அடித்தது கடைசிச் சுமை. அதனால் அந்தக் கம்பெனிப் பெயின்ட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுக்கு மேல் அடுக்கு என்றதும் எனக்கு எப்போதும் தஞ்சைப் பெரிய கோயில் நினைவுக்கு வரும். 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றிய இருண்ட உள் சுற்றில், நாயக்கர் கால ஓவியப் படலம் உதிர்ந்த இடங்களில் அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டார். நம் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் ஆய்வகத்தில் பணியாற்றிய எஸ்.பரமசிவன் பிறகு அந்தச் சோழர் ஓவியங்களை ஆராய்ந்து, ஈரச் சுண்ணாம்பிலேயே வரையப்பட்டவை என்று முடிவு சொன்னார். ஈரச் சுண்ணாம்பில் வைத்த நிறம், சுண்ணாம்பு காற்றில் இறுகும்போது அதோடு ஒன்றாகிவிடுகிறது. உரிவதற்கு நடுவில் ஒரு தளமே இல்லை. ஆயிரம் வருடம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். அதன்மேல் பிறகு ஏறிய அடுக்குக்கு அப்படி ஒன்றாகிவிடும் வாய்ப்பு இல்லை. நம் எமல்ஷனும் அந்த மேல் அடுக்கின் நிலையில்தான் இருக்கிறது.

இதுவரை சொன்னது பெயின்ட்டிலேயே பிறக்கும் விரிசல். சுவரில் பிறந்து பெயின்ட்டைக் கிழித்துக்கொண்டு வருகிற விரிசல் வேறு இனம், அதற்கு வைத்தியமும் வேறு. அடையாளம் காண்பது கஷ்டமில்லை. பெயின்ட் விரிசல் திசையில்லாமல் வலை போல இருக்கும். சுவர் விரிசலுக்கு ஒரு போக்கு உண்டு. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக ஓடும். கட்டும்போது அங்கே கோழி வலை என்கிற மெல்லிய கம்பி வலையை வைக்காமல் பூசியிருப்பார்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும். இங்லிஸ் சொன்ன கூரிய முனை அந்த மூலைதான். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் செங்குத்தாக வரும். பத்து மீட்டர் நீளக் கைப்பிடிச் சுவரின் வெப்பம் 20 டிகிரி மாறினால் அது கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். அதற்கு விரியவும் சுருங்கவும் இடைவெளி விடவில்லை என்றால் தானாகவே ஓர் இடைவெளியை உண்டாக்கிக்கொள்கிறது, அதைத்தான் நாம் விரிசல் என்கிறோம். சந்தேகமாக இருந்தால் அந்த இடத்துப் பெயின்ட்டை ஒரு அடி நீளத்துக்குச் சுரண்டிப் பாருங்கள். விரிசல் சிமென்ட் பூச்சில் தொடர்ந்தால் அது சுவருடையது.

சுவர் விரிசலுக்கு மேல் நேரடியாகப் பெயின்ட் அடித்தால் ஏன் நிற்பதில்லை என்பதை யாரும் சரியாக விளக்குவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். "முன்னூறு சதவீதம் நீளும்" என்று விளம்பரம் செய்கிற ரப்பர் வகைப் பெயின்ட்டுகள் இருக்கின்றன. அது பொய்யில்லை; தனியாக உரித்து இழுத்தால் நீளும். ஆனால் சுவரில் அது இரு பக்கமும் விரிசலின் விளிம்பு வரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. விரிசல் மூடியிருக்கும்போது அடித்தீர்கள், பிறகு அது 0.2 மில்லிமீட்டர் திறக்கிறது. ஒட்டியிருக்கிற பகுதி நீள முடியாது. விரிசலின் மேல் இருக்கும் படலம்தான் நீள வேண்டும், அதன் நீளமோ ஏறக்குறைய பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து 0.2-க்கு நீள எந்தச் சதவீதமும் போதாது. படலம் தடிமனாக இருந்தாலோ, விளிம்பில் கொஞ்சம் கழன்று கொடுத்தாலோதான் பிழைக்கும். அதனால்தான் இந்த ரப்பர் வகையை மட்டும் கனமாக அடிக்கச் சொல்கிறார்கள். மென்மையான படலம் என்பதால் உள்ளிழுவிசை குறைவு, கனம் அதைக் கெடுப்பதில்லை.

இதற்குச் சரியான வழி பார்ப்பதற்கு விசித்திரமாக இருக்கும்: விரிசலை இன்னும் பெரிதாக்குவது. அசைகிற விரிசலை வாய் 6 மில்லிமீட்டர் அகலம் வருமாறு சதுரமாக வெட்டித் திறந்து, தூசியைத் தட்டி, அடியில் ஒட்டாத டேப் ஒன்றை வைத்து, மேலே இளகிய அக்ரிலிக் பேஸ்ட்டை நிரப்ப வேண்டும். பேஸ்ட் இரு பக்கச் சுவரை மட்டும் பிடித்திருக்கும், அடியைப் பிடிக்காது. இப்போது அதே 0.2 மில்லிமீட்டர் அசைவு 6 மில்லிமீட்டரில் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. சுமார் மூன்று சதவீதம்தான். எந்த நல்ல பேஸ்ட்டும் அதைத் தாங்கும். அசையாத பழைய விரிசலுக்கு இவ்வளவு வேண்டாம். பட்டித் தகட்டின் மூலையால் லேசாக வாய் திறந்து நிரப்பினால் போதும். அசைகிறதா இல்லையா என்று அறிய, விரிசலின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு பக்கமும் ஒட்டி வைத்து இரண்டு மூன்று மாதம் விட்டுப் பாருங்கள். கண்ணாடி உடைந்தால் அசைகிறது. ஆனால் சன்ஷேடின் அடியில் கம்பி ஓடும் வழியாக விரிசலும் பழுப்புக் கறையும் இருந்தால் பெயின்ட் பேச்சே வேண்டாம். அது உள்ளே கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட்டைத் தள்ளுவது. அதை அனுபவமுள்ள கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டும், துண்டு யார் தலையிலாவது விழுவதற்கு முன்பு.

சரி, முடி போன்ற விரிசல்தானே, மழை அதில் எவ்வளவு போய்விடும் என்று தோன்றலாம். மெல்லிய விரிசல்தான் அதிகம் உறிஞ்சும். 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் தண்ணீர் தானாகவே 15 சென்டிமீட்டர் உயரம் ஏறக்கூடிய அளவு இழுப்பு இருக்கிறது. சிமென்ட் பூச்சின் கனம் அதில் பத்தில் ஒரு பங்குதான். உள்ளே போனது திரவமாகப் போனது. வெளியே வர வேண்டியது ஆவியாக, படலத்தின் வழியாக. நுழைவதற்கு வாசல், வெளியேறுவதற்குச் சாளரத்தின் இடுக்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூச்சு நன்றாக நனைந்துவிடும், பிறகு வெயில் அடிக்கும்போது ஆவி படலத்தைப் பின்னாலிருந்து தள்ளும். கட்டும்போது உவர்ப்பான போர்வெல் தண்ணீரைப் பயன்படுத்தியிருந்தால் அந்த உப்பும் கரைந்து வந்து படலத்துக்கு அடியில் படிகமாகும். படிகம் வளரும் இடத்தில் படலம் எழும்பும். ஓதம் அடித்த சுவரில் பெயின்ட் பொரிவதெல்லாம் இப்படித்தான்.

கடல் உப்பில் இன்னொரு குணம் இருக்கிறது, கிரில்லுக்கு அது முக்கியம். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். திருவான்மியூரில் பெரும்பாலான விடியற்காலைகள் அந்த அளவைத் தாண்டுகின்றன. அதனால் மழை இல்லாத மாதத்திலும் உங்கள் கிரில்லின் விரிசல்களில் ஒவ்வொரு இரவும் உப்புநீர் நிற்கிறது. விரிசலுக்கு அடியில் இரும்பு கரைகிறது. அதைச் சுற்றி, படலத்தின் ஓரத்துக்கு அடியில், ஆக்சிஜனும் தண்ணீரும் சேர்ந்து காரம் உண்டாகிறது. எனாமலில் உள்ள எண்ணெய்ச் சேர்மம் காரம் பட்டால் சோப்பாக மாறிவிடும். ஒட்டிக்கொண்டிருந்த பெயின்ட் சோப்பானால் எப்படி நிற்கும்? இப்படிக் கழன்ற இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட, துரு உள்ளே உள்ளே நகர்கிறது. துரு, தான் பிறந்த இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அது மேலே இருக்கிற நல்ல பெயின்ட்டையும் நெம்பி, புதிய விரிசல் போட்டு, புதிய உப்புநீருக்கு வழி செய்கிறது. வெளியே மிளகு அளவு தெரிகிற துருவைச் சுரண்டினால் உள்ளே ஒரு ரூபாய்க் காசு அளவு இருப்பது இதனால்.

வேலை எப்போது, எப்படி என்று கேட்டீர்கள் என்றால்: தீபாவளிக்கு முன் அடிக்கிற பழக்கத்தை வெளிச்சுவருக்கு விட்டுவிடுங்கள், அடித்த கையோடு மழை வந்துவிடும். பொங்கல் கழிந்து ஒரு மாதம் சுவரை நன்றாகக் காயவிட்டு, மாசி, பங்குனியில் வையுங்கள். சுவர் காய்ந்துவிட்டதா என்று அறிய, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் முத்து முத்தாக நீர் இருந்தால் இன்னும் காத்திருங்கள். மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரை மதியத்துக்கு மேலும் அடிக்கச் சொல்லுங்கள். சுடுகிற சுவரில் அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், வடாம் கதைதான்.

மாவு போன்ற பழைய வெள்ளை இருந்தால் அதைச் சிமென்ட் வரை சுரண்டியே ஆக வேண்டும். சாரம் கட்டி நாலு நாள் கூடுதலாகும், கூலி ஏறும். உங்கள் பணத்தில் பெரும்பங்கு இதற்குப் போகட்டும். விலை குறைந்த எமல்ஷன் வாங்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. எவ்வளவு சுரண்டினால் போதும் என்பதற்கும் சோதனை உண்டு. மீதமிருக்கிற பெயின்ட்டில் பிளேடால் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் நெடுக்கில் ஆறு, குறுக்கில் ஆறு கீறல் போட்டு, அதன்மேல் நல்ல டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் அந்த இடமும் போக வேண்டும். நின்றால் விட்டுவிடலாம், உப்புத்தாள் போட்டு மேலே அடிக்கலாம். புதிதாகப் பூசிய சிமென்ட்டுக்கு 28 நாளாவது விடுங்கள். அதன் காரம் அடங்காமல் அடித்தால் கிரில்லில் சொன்ன அதே தொல்லை சுவரில் வரும். பட்டி பார்ப்பதைப் பள்ளமுள்ள இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். அதன்மேல் பிரைமர் ஒன்று, எமல்ஷன் இரண்டு, டப்பாவில் சொன்ன அளவுக்கு மட்டும் தண்ணீர்.

கிரில்லுக்கு, துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரியாலும் எடுத்ததும் உடனே ரெட் ஆக்ஸைடு அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன் நல்ல தண்ணீரால் இரண்டு தடவை கழுவச் சொல்லுங்கள், போர்வெல் தண்ணீர் வேண்டாம், குடிநீர் லாரித் தண்ணீர். கழுவாவிட்டால் உப்பு பிரைமருக்கு அடியிலேயே இருக்கும். நன்றாகத் துடைத்து, காய்ந்த அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். இன்னொன்று: பெயின்ட் காயும்போது கூரான விளிம்பிலிருந்து விலகிச் சமதளத்துக்கு ஓடும். பட்டைக் கம்பியின் ஓரத்தில் படலம் பாதி கனம்கூட இருக்காது, துருவும் அங்கேதான் முதலில் பிடிக்கும். அதனால் ஓரங்களையும் வெல்டிங் முட்டுகளையும் உப்புத்தாளால் மழுக்கி, அந்த இடங்களுக்கு மட்டும் சின்னப் பிரஷ்ஷால் முதலில் ஒரு கோட்டு இழுத்துக் காயவிட்டு, பிறகு முழுசுக்கும் அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் ஓர் இரவு இடைவெளி வேண்டும். அடியில் உள்ளது மெத்தென்று இருக்கும்போதே மேலே விறைப்பான எனாமல் ஏறினால், மேல்தோல் முதலைத் தோல் மாதிரி வெடிக்கும்.

உங்கள் பெயின்டர் கேட்ட கூடுதல் கோட்டை இந்த ஓரங்களுக்கும் முட்டுகளுக்கும் கொடுங்கள். அங்கே அவர் சொல்வது சரிதான்.